கனகவேல் பெயரில் ஒரு சிம்

இந்தக் கதையைச் சுயம்புலிங்கம் ஆறு வருடமாக நம்பவில்லை. சொன்னது ஒரு கைப்பேசி. கண்ணாடி உடைந்து, அவருடைய செல்போன் கடை மேசையின் இழுப்பறையில் கிடந்தது. அது பேசியதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. அது சொன்ன முடிவுதான் அவருக்கு ஒப்பவில்லை.

ஒரு காலத்தில் அந்தக் கைப்பேசி மாரீஸ்வரி என்ற பெண்ணிடம் இருந்தது. முகம் பார்க்க அவள் அதைத்தான் எடுப்பாள். அதனால் எந்தக் கன்னம் வீங்கியிருக்கிறது என்பது அவளுக்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும். ஒருநாள் கணவன் கனகவேல் வெளியூர் போயிருந்தபோது, அவள் மலேசியாவில், பினாங்கில் வேலை பார்த்த தோழி ஒருத்தியிடம் கிளம்பினாள். எங்கே போகிறாள் என்று யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் திரும்பி வர வேண்டியிருக்கும். திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

விமான நிலையத்தில் உட்கார்ந்து, போகிற நாட்டில் இணையம் வேண்டுமே என்று, அட்டை எதுவும் இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே இறங்கிக்கொள்ளும் இ-சிம் தேடினாள். திரையில் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

முதலாவது இ-சிம் வாய் நிறைய அக்கா என்றது. மூன்று நாள் இலவசம், பெயரும் பாஸ்போர்ட்டும் இருக்கிற இடமும், கைப்பேசியில் உள்ள அத்தனை எண்களும் கொடுத்தால் போதும் என்றது. எதற்கு இவ்வளவும் என்று கைப்பேசி கேட்டதற்கு, "எல்லாரும் கொடுக்கிறதுதானேக்கா" என்று அவளைப் பார்த்தே பதில் சொன்னது.

இரண்டாவது அதிகம் பேசவில்லை. கொஞ்சம் விலையும் கூட.

"எனக்கு உங்க பேரு வேண்டாம். புதுசா ஒரு மின்னஞ்சல் திறந்து கொடுங்க, போதும். நான் யாருக்கு உழைக்கிறேன்னு எனக்கே தெரியாது. தெரியாததை யாரும் என்கிட்ட இருந்து வாங்க முடியாது."

மாரீஸ்வரி அதைத்தான் எடுத்தாள். அன்று அவள் செய்த எல்லாவற்றிலும் சரியானது அதுதான் என்று கைப்பேசி சொல்லும்.

பிறகு பழைய சிம்மை எடுத்துப் போட, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். பத்து வருடமாக அவளோடு குடியிருந்த சிம் பதறிவிட்டது. உடம்பே இல்லாத பயலுக்காக என்னை வெளியே தள்ளுவதா என்று முணுமுணுத்தது.

"உடம்பு இல்லாததாலதான் என்னை யாரும் ஊக்கால குத்தி எடுக்க முடியாது, பெரியவரே" என்றது இ-சிம்.

பழைய சிம் அதைக் கண்டுகொள்ளாமல் அவளிடம் கெஞ்சியது. "பேங்க் ஓடிபி எனக்குத்தானே தாயி வரும். அது இல்லாம உன் பணத்தை நீ எப்படி எடுப்பே?"

அவள் ஊக்கைத் திரும்பச் சேலையில் குத்திக்கொண்டாள்.

"இவர் யார் பேர்ல இருக்கார்?" என்று இ-சிம் தாழ்ந்த குரலில் கைப்பேசியைக் கேட்டது. கைப்பேசிக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் வாங்கிய சிம். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுபோல, கணவனுடைய வாக்காளர் அட்டையைக் கொடுத்து வாங்கியது. ஆனாலும் அது பேசாமல் இருந்துவிட்டது.

பினாங்கில் பதினெட்டு நாள் அவள் நன்றாகத் தூங்கினாள். இ-சிம் வாயே திறக்கவில்லை. பத்தொன்பதாம் நாள், கடல் தாண்டி விருதுநகரில் ஒரு கணினி பழைய சிம்மைக் கூப்பிட்டு, நீ யாருடையது என்று கேட்டது. கனகவேலுடையது என்றது சிம். இப்போது எங்கே இருக்கிறாய் என்றது கணினி. மலேசியா என்றது சிம். அதற்குப் பொய் சொல்ல யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மலேசியாவில் அவளுக்குத் தெரிந்தவள் ஒருத்திதான், அது கனகவேலுக்கும் தெரியும்.

கனகவேல் போய் அழைத்து வந்தான். நாலாவது மாதம் அவர்கள் வீட்டு வாசலில் சாமியானா போட்டார்கள். சுயம்புலிங்கமும் அவள்மேல் போட மாலை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் கனகவேல் கைப்பேசியை அவரிடமே கொண்டுவந்து விற்றான்.

கைப்பேசி இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் மறுப்பார். முகம் தெரியாத கம்பெனி, எங்கேயோ இருந்து வந்த இ-சிம், அதுதான் காட்டிக்கொடுத்திருக்கும் என்பார். நம்ம ஊர் சிம் அப்படிச் செய்யாது என்பார்.

அந்தக் கணினி இன்னும் அவருடைய மேசைமேல்தான் இருக்கிறது. கனகவேல் அந்தப் பத்தொன்பதாம் நாள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். "உலகம் தெரியாதவ அண்ணாச்சி, தனியாப் போயிட்டா. என் பேர்ல உள்ள சிம்தானே, எங்க ஓடுதுன்னு மட்டும் பாருங்க" என்றான். அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். வீட்டுக்காரன் கேட்கிறான், பெயரும் அவனுடையது, இதில் என்ன தப்பு என்று நினைத்தார். எண்ணைத் தட்டினார். திரையில் வந்ததை வாய்விட்டுப் படித்தார். அதற்கும் பத்து வருடத்துக்கு முன்னால், சிம் வாங்கிய படிவத்தில் கனகவேல் என்று எழுதியதும் அவருடைய கைதான். மாரீஸ்வரி அப்போது கடை வாசலில், வெயிலில் நின்றிருந்தாள். அவளிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஆறு வருடம் கழித்து, ஆள் வராத ஒரு மதியத்தில், அவர் இழுப்பறையைத் திறந்து கைப்பேசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இந்த முறை அவர் மறுக்கவில்லை.

"சிம்மைக் கேட்டு அவன்கிட்ட சொன்னது யாருன்னு அந்த சிம் உன்கிட்ட சொல்லியிருக்கும். அதை நீ அவகிட்ட சொன்னியா?"