திரைக்குப் பின்னால் ஒரு 'ரைட்'

வெள்ளைக்காரத் துரைகள் பல்லக்கில் ஊர் சுற்றிய அந்தக் காலத்தில், கொன்றையூர்ச் சமஸ்தானத்தை விசயரங்க பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்றால், காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆசை, நடுவில் சாப்பாடு.

அவர் சபைக்கு வரும் முறையே தனி. திரைக்குப் பின்னால் ராஜா காத்து நிற்க, பக்கத்தில் கட்டியக்காரர் பெத்தபெருமாள் வெள்ளித்தடியோடு நின்று அவருடைய பட்டங்களை முழங்குவார். அப்புறம்தான் திரை விலகும். முப்பது வருஷமாக இந்தத் தொண்டைதான் பெத்தபெருமாள் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

துரை வரப்போகிறார் என்று கடிதம் வந்தது. உடனே சபையில் எழுந்தார் ஏகாம்பரம். சென்னைப்பட்டணத்தில் மூன்று மாதம் இருந்து, ஒரு தொப்பியையும் ஒரு சொல்லையும் சம்பாதித்து வந்த மகாமேதை.

"மகாராஜா, பட்டங்களின் முடிவில் 'ரைட்' என்று சொல்லவேண்டும். துரை சொக்கிப்போவார். ரைட் என்றால் சரி. வலப்பக்கமும் ரைட்தான். உரிமைக்கும் ரைட் என்றே பெயர்!"

"ஒரே சொல்லுக்கு மூன்று வேலையா? நம் மந்திரிகள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு வேலைகூட இல்லையே!" என்று ராஜா வியந்தார். மந்திரிகளும் சேர்ந்து வியந்தார்கள்.

"உச்சரிப்புதான் முக்கியம். 'ர' சொல்லும்போது நாக்கு எதிலும் படக்கூடாது."

பெத்தபெருமாள் சொல்லிப் பார்த்தார். "ர்ர்ரைட்!" தூண் அதிர்ந்தது.

ஏகாம்பரம் காதைப் பொத்திக்கொண்டார். "நாளைக்கும் இப்படியே சொன்னால், தடியை என் மச்சானிடம் கொடுத்துவிடலாம் மகாராஜா." மச்சான் அப்போதே புதுத் தலைப்பாகையோடு வாசலில் நின்றிருந்தான். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

பெத்தபெருமாள் ஓரடி முன்னால் வந்தார். "எது சரியென்று யார் சொல்வது?"

"நான்தான்! ரைட் தெரிந்த காது இந்தச் சமஸ்தானத்தில் இது ஒன்றுதான்."

"அப்படியே ஆகட்டும்" என்று கும்பிட்டார் பெத்தபெருமாள்.

மறுநாள் திரைக்குப் பின்னால், பட்டங்களை முழங்கி முடித்ததும் ராஜாவின் காதருகே குனிந்தார். "மகாராஜா, நாக்கு சொன்னபடி கேட்கமாட்டேன் என்கிறது. தாங்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்காட்டினால் பிழைத்துக்கொள்வேன்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. மார்பை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "ரைட்!"

வெளியே ஏகாம்பரம் துள்ளி எழுந்தார். குரலை அவர் எங்கே கேட்டார்? தீர்ப்பை முந்தின நாளே சொல்லிவைத்தவராயிற்றே. "ஐயோ, எருமைக்குத் தொண்டையில் வைக்கோல் சிக்கிக்கொண்டதா? இந்த ஜென்மத்துக்கு இங்கிலீஷ் வராது. இவனைப் பிடித்து வெளியே தள்ளுங்கள்!"

திரை விலகியது. ராஜா நின்றிருந்தார். அவர் முகம் சிவந்து கிடந்தது.

ஏகாம்பரத்தின் தொப்பி கீழே விழுந்தது. "ம... மகாராஜாவா சொன்னது? அடடா, சுத்தமான லண்டன் உச்சரிப்பு!"

"அதற்குள் எருமை லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டதா?" என்றார் ராஜா. "துரை வரும் நாளில் நீயே திரைக்குப் பின்னால் நின்று சொல். துரையே கேட்டுத் தீர்ப்பு சொல்லட்டும்."

அன்று மத்தியானமே ஏகாம்பரத்தின் மாமியாருக்கு வெளியூரில் உடம்பு சரியில்லாமல் போயிற்று. மச்சானையும் கூட்டிக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை.

ராஜா தம் கைக் காப்பைக் கழற்றிப் பெத்தபெருமாளுக்குப் போட்டார். ஆனாலும் மனசு அரித்தது. "உண்மையைச் சொல்லும். நான் சொன்னது எப்படி இருந்தது?"

பெத்தபெருமாள் தடியை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "முப்பது வருஷமாகக் கத்துவதுதான் மகாராஜா என் உத்தியோகம். கேட்கிற உத்தியோகத்தில் இருந்தவர்தான் ஊரைவிட்டே போய்விட்டாரே!"