மண்டபத்துக்கு வந்த ஐம்பது போர்வைகள்

கரூரில் போர்வை விற்கும் தெய்வசிகாமணிக்கு மூன்று மாடிக் கிடங்கு உண்டு. அங்கே பார்சல் கட்டிக்கொண்டிருந்த கோகிலவாணி வேலையை விட்டாள். கையில் சரக்கே இல்லாமல் ஆன்லைனில் போர்வை விற்க ஆரம்பித்தாள். ஆர்டர் வந்ததும் சரக்கு வைத்திருப்பவரிடம் சொல்வாள். அவரே வாங்குபவர் வீட்டுக்கு நேராக அனுப்பிவிடுவார்.

வியாபாரிகள் கூட்டத்தில் தெய்வசிகாமணி எகிறினார். "கிடங்கு இல்லாம இதெல்லாம் ஒரு வியாபாரமா? நாளை மதியத்துக்குள்ள இந்த மண்டபத்துக்கு எனக்கு ஐம்பது போர்வை வரணும். முடியாட்டி கடையை மூடிரு!"

"சரிங்கய்யா" என்றாள் கோகிலவாணி.

மறுநாள் வியாபாரிகள் வேடிக்கை பார்க்க மண்டபத்தில் கூடியிருக்க, பதினொரு மணிக்கே வேன் வந்து நின்றது! மண்டபமே எழுந்து நின்று பார்த்தது. தெய்வசிகாமணி ஒரு போர்வையை எடுத்து உதறினார்.

"பாருங்க, ஓரத் தையல் பிரியுது! சரக்கைக் கண்ணால பார்க்காம வித்தா இப்படித்தான்!"

"நான் பார்க்கலைதாங்கய்யா. அனுப்பினவங்க பார்த்திருப்பாங்கன்னு நம்பிட்டேன். மூலையில கம்பெனி பேர் இருக்கு, படிங்க."

படித்தவர் போர்வையை அவசரமாக மடிக்கப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "அட, இது உங்க கிடங்குச் சரக்குங்க!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது.

"நேத்தே உங்க வெப்சைட்ல ஆர்டர் போட்டுட்டேங்கய்யா" என்றாள் கோகிலவாணி. "சீக்கிரம் மாத்திக் கொடுங்க. வாங்கினவர் ரொம்பக் கோபமா இருக்கார்."