அதிமதுரத்தின் இனிப்பு வேருக்கு இறங்கிய கதை

அந்தக் காலத்தில் அதிமதுரத்தின் இனிப்பு வேரில் இல்லை, பழத்தில்தான் இருந்தது. செடியும் மந்தியும் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்த காலம். ஒரு மலையில், செங்குத்தான தேன்பாறையின் இடுக்கில் ஓர் அதிமதுரச் செடி வளர்ந்து நின்றது. பழம் பழுத்தால் குருவியும் அணிலும் மந்தியும் வந்து தின்றுவிட்டு அதைப் புகழ்ந்து தள்ளும். புகழ்ச்சி என்றால் செடிக்கு உயிர். "என் பழம் எப்படி?" என்று ஒவ்வொருவரையும் கேட்கும். பதில் சொல்லாமல் போகிறவர்களிடம் வெகுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

அந்த மலையில் தேன் எடுப்பவன் பெயர் நஞ்சன். பாறை உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கியபடி இறங்குவான். மேலே கயிற்றைப் பிடிப்பவன் அவன் மனைவி மாதியின் தம்பி பெள்ளன். மனைவியின் உடன்பிறந்தவனைத் தவிர வேறு யார் கையிலும் அந்த ஊரார் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். பிடி நழுவினால் விதவையாவது அவனுடைய அக்காள் அல்லவா, அந்தப் பயத்தில் கை தளராது என்பது அவர்கள் கணக்கு.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இறங்கியவன் பாடிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். பாட்டு நின்றால், தேனீ கலைந்துவிட்டது, கயிற்றை அசைக்காதே என்று பொருள். அவனே "தூக்கு" என்று குரல் கொடுத்த பிறகுதான் இழுக்க வேண்டும். கயிறு காற்றில் எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும் என்பதால் அதன் ஆட்டத்தை யாரும் நம்புவதில்லை.

நஞ்சனின் பாட்டில் அதிமதுரப் பழத்தைப் பற்றியும் ஓர் அடி வரும். அந்த ஓர் அடிக்காகச் செடி வருஷம் முழுக்கக் காத்திருக்கும்.

ஒரு வருஷம் நஞ்சன் புகைப்பந்தத்தோடு இறங்கியபோது செடி பூத்திருந்தது. காய் இன்னும் பிடிக்கவில்லை. இனிப்பு அப்போதுதான் தண்டில் ஏறிக்கொண்டிருந்தது. தேனடையை நெருங்குவதற்குள் காற்று திரும்பியது. புகை முழுவதும் நஞ்சனின் வாய்க்குள் போயிற்று. இருமினான், பாட்டு நின்றது. கூப்பிட வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. கண்ணெதிரே தேன் இருந்தும் என்ன பயன்? தேனீக்கள் அதன்மேல் அப்பிக் கிடந்தன.

மேலே பெள்ளன் பாட்டு நின்றதைக் கவனித்தான். கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தான். சொல்லிக் கொடுத்ததைச் சரியாகத்தான் செய்தான், பாவம். வெயில் ஏறியது. கயிறு நஞ்சனின் அக்குளை அறுத்தது. கைகள் மரத்துப்போயின. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் கயிற்று வளையத்திலிருந்து நழுவிவிடுவான் என்பது செடிக்குத் தெரிந்தது.

செடியின் குரல் உச்சிவரை எட்டாது. அதனால் மந்தியை அனுப்பியது.

"உன் மச்சானுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சீக்கிரம் தூக்கு" என்றது மந்தி.

"போன வருஷமும் இப்படித்தான் சொன்னே. நம்பித் தூக்கினேன், அடை அறுத்துக்கிட்டிருந்த மச்சானுக்கு மண்டை உடைஞ்சுது. சிந்தின தேனை நக்கினது யாரு? மச்சான் வாயால சொன்னாத்தான் தூக்குவேன், போ!" என்றான் பெள்ளன்.

மந்தி திரும்பி வந்து, "உண்மையைச் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை" என்று அலுத்துக்கொண்டது.

பாறை இடுக்கிலிருந்து வெளியே நீண்டிருந்த செடியின் வேர் நஞ்சனின் கன்னத்தில் உரசிக்கொண்டிருந்தது. "இதைக் கடித்துக்கொள்" என்றது செடி. கடித்தான். வெறும் மண்வாசனைதான். "கொஞ்சம் பொறு, இனிப்பை இறக்குகிறேன்" என்றது.

மந்தி பதறிப்போயிற்று. "உனக்கென்ன பைத்தியமா? இறங்கிய இனிப்பு மறுபடி ஏறாது. பழம் இனிக்காவிட்டால் உன்னைத் திரும்பிப் பார்க்க யார் இருக்கிறார்கள்?"

"இவன் போய்விட்டால் என்னைப் பாட யார் இருக்கிறார்கள்?" என்றது செடி.

வாய் அப்படிச் சொன்னாலும் அதற்குப் பயமாகத்தான் இருந்தது. தன் பூக்களை ஒருமுறை பார்த்துக்கொண்டது. பிறகு தண்டில் ஏறியிருந்த இனிப்பையெல்லாம் வேருக்கு இறக்கிவிட்டது.

நஞ்சன் வேரை மென்றான். சாறு தொண்டையை நனைத்தது. எரிச்சல் மெல்ல அடங்கியது. "தூக்கு மாப்ளே!" என்று குரல் வந்ததும் பெள்ளன் ஒரே மூச்சில் இழுத்து மேலே சேர்த்தான். "என்ன மச்சான், இவ்வளவு நேரம் பயங்காட்டிட்டே!" என்று கட்டிக்கொண்டு அழுதான்.

அந்த வருஷம் செடியில் சொரசொரவென்று முள் முளைத்த வறட்டுக் காய்தான் காய்த்தது. குருவி ஒன்று கொத்திப் பார்த்துத் துப்பிவிட்டுப் போயிற்று. எப்படி இருக்கிறது என்று செடி அதனிடம் கேட்கவில்லை. நஞ்சன் மட்டும் வந்தான். பாட்டில் பழம் இருந்த இடத்தில் வேரை வைத்துப் பாடிக் காட்டினான். மறுபடி துளிர்ப்பதற்கு ஒரு துண்டை மண்ணிலேயே விட்டுவிட்டு, மிச்ச வேரை வீட்டுக்கு எடுத்துப்போனான்.

வீட்டில் அவன் மகள் கெம்பிக்கு இருமல். கசப்புக் கஷாயத்தை வாயில் ஊற்ற ஊற்றத் துப்பிக்கொண்டிருந்தாள். மாதி அந்த வேரைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். கெம்பி குடித்துவிட்டுச் சட்டியையும் வழித்து நக்கினாள். இருமல் நின்றது. மறுநாள் அம்மா முன்னால் வந்து நின்று ஊருக்கே கேட்கும்படி இருமினாள்.

"இன்னும் போகலைம்மா. அந்தக் குச்சி குடு."

"உன் இருமல் எனக்குத் தெரியாதாடி?" என்று சொல்லிக்கொண்டே மாதி ஒரு துண்டை ஒடித்துக் கொடுத்தாள்.

அன்றிலிருந்துதான் அதிமதுரத்தின் காயை யாரும் ஏறிட்டுப் பார்க்காமல் அதன் வேரைத் தேடித் தோண்டுகிறார்கள். இருமல் வந்த பெரியவர்களும், இருமலே வராத பிள்ளைகளும் அதைக் கேட்டு வாங்கி மெல்கிறார்கள்.