கரடியின் நெஞ்சில் கட்டிய துணி

அந்தக் காலத்தில் கரடியின் நெஞ்சில் வெள்ளைக் கோடு கிடையாது. உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே கறுப்பு. மிருகங்களுக்கெல்லாம் பேச்சு இருந்த காலம் அது. பேச்சு இருந்ததால் எல்லோரும் ஒருவரை ஒருவர் நிறுத்தி நலம் விசாரித்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த விஷயத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனைமலை அடிவாரத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஓர் ஊர் இருந்தது. ஊரின் கடைசி வீடு மசணி வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம், மரத்துக்குப் பின்னால் காடு. அவள் புருஷன் மருதன் தேன் எடுக்கப் போகிறவன். கைப்பிள்ளை சடையனை மசணி எந்நேரமும் முதுகில் கட்டியிருப்பாள். அந்த ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். நீளமான வெள்ளைத் துணியால் பிள்ளையை முதுகோடு சேர்த்து, இரண்டு தோளுக்கும் மேலாக இழுத்து நெஞ்சில் முடிச்சுப் போட்டுவிட்டால், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். கிழங்கு தோண்டலாம், ராகி குத்தலாம், புருஷனோடு கை நீட்டிச் சண்டையும் போடலாம். அந்தத் துணிக்காக மருதன் தேன்குடத்தைச் சுமந்துகொண்டு நான்கு நாள் நடந்து கீழ்நாட்டுக்குப் போய் வந்திருந்தான். அவர்கள் வீட்டில் இருந்த ஒரே நல்ல துணி அது.

அந்த வருஷம் பலா பழுக்கும் சமயத்தில் ஒரு கரடி வந்து சேர்ந்தது. முதலில் பலாப்பழத்தைத் தின்றது. மரத்தில் இருப்பதுதானே, போகட்டும் என்று விட்டார்கள். அப்புறம் பழத்தோல் கொட்டிய குப்பைக்குழியைக் கிளறியது. அப்புறம் ஒரு வீட்டுக் கூரையைப் பிரித்து இறங்கி, எண்ணெய்ச் சட்டியை வழித்து நக்கிவிட்டுப் போனது. ஊரார் வேப்பிலைப் புகை போட்டார்கள். தும்மிக்கொண்டே தின்றது. முள்வேலி போட்டார்கள். முள்ளைச் சுமந்துகொண்டே வந்தது. கல்லால் அடித்தால் ஓடைவரைக்கும் ஓடும். நம் ஆட்கள் கையைத் தட்டிவிட்டு வீடு திரும்புவதற்குள் அதுவும் திரும்பிவிடும்.

கடைசியில் ஒருநாள் மசணி வீட்டுத் தேன்குடம் உடைந்தது. அவ்வளவுதான், அவள் நேரே ஊர் மூப்பன் முன்னால் போய் நின்றாள்.

"ஒண்ணு இந்தக் கரடி இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும். எத்தனை நாளைக்குத்தான் வெரட்டிட்டே இருப்பீங்க? கொன்னு போடுங்க!"

மூப்பன் யோசித்துவிட்டு, "நாளைக் காலைல கொட்டு முழக்கி வெரட்டலாம். ஓடையைத் தாண்டி மலையேறிப் போச்சுன்னா போகட்டும். திரும்பி வந்துச்சுன்னா ஈட்டிதான்" என்றான். எல்லோரும் சரி என்றார்கள். மசணி எல்லோருக்கும் முன்னால் சரி என்றாள்.

மறுநாள் வெயில் ஏறியதும் ஊரே திரண்டு கொட்டு முழக்கியது. மசணி உரல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் சடையன் தூங்கிக்கொண்டிருந்தான். பலாமரத்துப் புதரிலிருந்து கரடி வெளியே பாய்ந்தது. வாயில் எதையோ கவ்வியிருந்தது. ஓடையைத் தாண்டிப் போய், கவ்வியதை அக்கரைப் பாறையில் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடிவந்தது.

"கொழுப்பைப் பாரு இதுக்கு!" என்று ஒருவன் கல்லை எறிந்தான். கல் தோளில் பட்டது. கரடி நிற்கவில்லை. புதருக்குள் நுழைந்து இன்னொன்றைக் கவ்விக்கொண்டு கிளம்பியது. அதற்குள் அக்கரையில் வீலென்று ஓர் அழுகை. உடனே வாயிலிருந்ததை இக்கரையில் போட்டுவிட்டு அக்கரைக்கு ஓடியது. இப்போது இக்கரையில் அழுகை. மறுபடி இங்கே ஓடிவந்து, போட்டதைக் கவ்விக்கொண்டது. கொட்டுச் சத்தத்தில் ஆண்களின் காதில் அழுகை விழவில்லை. விரட்ட விரட்டத் திரும்பி வருகிற கரடிதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. மூப்பன் தலையசைத்தான். மருதன் ஈட்டியை ஓங்கினான்.

மசணிக்கு அழுகை கேட்டது. பிள்ளை அழுகை எந்தச் சத்தத்திலும் பெற்றவள் காதுக்குத் தப்பாது. முதுகில் பிள்ளையோடு அவள் ஓடிப்போய் ஈட்டிக்கும் கரடிக்கும் நடுவில் நின்றுவிட்டாள். கொட்டு நின்றுபோனது.

"ஏம்மா, போகட்டும்னுதானே வழி விட்டிருக்காங்க? என்னத்துக்குத் திரும்பித் திரும்பி வந்து உசிரை விடறே?" என்று கேட்டாள்.

கரடி வாயிலிருந்த குட்டியைக் கீழே வைத்தது. அதற்கு மூச்சு வாங்கியது.

"வாய் ஒண்ணு, குட்டி ரெண்டு. நான் என்ன பண்ணட்டும் அக்கா? முன்னால காட்டுக்குள்ள இருந்தப்ப மூணு இருந்துச்சு. மேல்காட்டுக்குப் போயிரலாம்னு ஒண்ணைக் கவ்விட்டுப் போய் விட்டுட்டு வந்தேன். வந்து பார்த்தா மீதி ரெண்டுல ஒண்ணைக் காணோம். சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சு. அதான் இதுக ரெண்டையும் மாத்தி மாத்திக் கவ்விட்டு இங்க வந்துட்டேன். உங்க ஊட்டுப் பக்கம் சிறுத்தை வராது. இதுகளுக்கு மலையேறக் கால் வர்ற வரைக்கும் இருந்துட்டுப் போலாம்னு பார்த்தேன்."

"இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லலை?"

"யாரு கேட்டீங்க? நீங்க வெரட்டறப்பெல்லாம் என் வாய்ல குட்டி இருந்துச்சே."

கொன்று போடுங்கள் என்று சொன்ன வாய் தன்னுடைய வாய்தானே என்று நினைத்தபோது மசணிக்கு வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது. நெஞ்சில் கைவைத்து முடிச்சை அவிழ்த்தாள். சடையனை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள்.

"ஏ புள்ள, அந்தத் துணி..." என்று மருதன் இழுத்தான்.

"முதல்ல பையனைப் பிடிங்க" என்றாள். பிள்ளையை வாங்க வேண்டுமானால் கை காலியாக இருக்க வேண்டுமே. மருதன் ஈட்டியைக் கீழே போட்டான்.

அவளே ஓடையில் இறங்கி அக்கரைக் குட்டியைத் தூக்கி வந்தாள். கரடி காலை மடக்கிப் படுத்தது. குட்டிகள் இரண்டையும் அதன் முதுகில் வைத்து, துணியைச் சுற்றி, இரண்டு தோளுக்கும் மேலாக இழுத்தாள். முடிச்சுப் போடுவதற்குக் கரடியின் வாய்க்குக் கீழே கையை விட வேண்டியிருந்தது. சூடான மூச்சு அவள் கழுத்தில் பட்டது. கரடி அசையவில்லை.

"இறுக்கமா இருக்கா?"

"இறுக்கமாவே இருக்கட்டும்."

கரடி மெல்ல எழுந்தது. ஒரு தடவை உடம்பைக் குலுக்கிப் பார்த்தது. அப்புறமும் நம்பிக்கை வராமல், "ரெண்டும் இருக்கா அக்கா?" என்று கேட்டது.

"ரெண்டும் இருக்கு. நீ போ."

கரடி ஓடையைத் தாண்டி மலையேறியது. அன்றைக்குத்தான் அது திரும்பிப் பார்க்காமல் போனது.

அதற்கப்புறம் மசணி பட்ட பாடு கொஞ்சமில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்தால் ஒரு கை போயிற்று. ஒற்றைக் கையால் குத்தினாள், ஒற்றைக் கையால் பெருக்கினாள். "கரடிக்குத் துணி குடுத்த மகராசி" என்று மற்றப் பெண்கள் அவளைக் கிண்டல் செய்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் பலா பழுத்தபோது, ஒரு சாயங்காலம் காட்டோரம் கரடி வந்து நின்றது. குட்டிகள் பெரிதாகி முதுகில் அமர்ந்திருந்தன. துணியைக் காணோம்.

"மழைல நைஞ்சு நாராப் போச்சு அக்கா. பத்திரமாத் திருப்பிக் குடுக்கோணும்னுதான் இருந்தேன். துணி போன பொறவும் இதுக ரோமத்தைப் பிடிச்சுட்டு இறங்கவே மாட்டேங்குதுக."

மசணி அதன் நெஞ்சைப் பார்த்தாள். முடிச்சுப் போட்ட இடத்தில், தோளிலிருந்து தோளுக்குத் துணி இறங்கி ஏறிய இடமெல்லாம் ரோமம் வெளுத்து வளைந்து கிடந்தது.

"துணி எங்கயும் போகலை, உன்ற நெஞ்சுலதான் இருக்கு. எனக்கு இனி அது வேண்டாம்" என்றாள். சடையன் அவள் இடுப்பில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். "எங்க ஊட்டுக்காரரு நாலு நாள் நடந்து போய்ப் புதுசு வாங்கிட்டு வந்தாரு. நான் கட்டலை. முதுகுல இருந்த வரைக்கும் என்ற பையன் என்ற மொகத்தைப் பார்த்ததே இல்லை அம்மிணி. அது எனக்கே தெரியாமப் போச்சு. இப்பப் பாரு, கண்ணை எடுக்க மாட்டேங்கறான்."

பிறகு பலாமரத்தைக் காட்டி, "காட்டுப் பக்கத்துக் கிளையெல்லாம் உனக்கு. ஊட்டுப் பக்கத்துக் கிளை எனக்கு. கூரைல கை வெச்சே, தெரியும் சேதி!" என்று விரலை ஆட்டினாள். கரடி தலையை ஆட்டிவிட்டு, முதுகுச் சுமையோடு மரத்தடிக்குப் போனது.

சடையன் தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்ட மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக முதுகு முடிச்சை அவிழ்த்தார்கள். அன்று முதல்தான் கரடி நெஞ்சில் வெள்ளைக் கோட்டோடு குட்டிகளை முதுகில் சுமந்து திரிகிறது. நம் தாய்மார்கள் ஒரு கை போனாலும் போகட்டும் என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்கிறார்கள்.