கூரை பிளந்த குடித்தனம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு யானையை ஊஞ்சலில் வைத்து ஆட்டிப் பார்க்க ஆசை வந்தது. யானைக்கு அந்த ஆசை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளிச் சங்கிலி போட்டு ஊஞ்சல் கட்டினார்கள். சங்கிலி அறுந்தது. மறுபடி கட்டினார்கள், மறுபடி அறுந்தது. கடைசியில் கஜானா கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி ஆகிவிட்டது.

"பணத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்றார் ராஜா.

வரி அமைச்சர் தண்டபாணியார் காத்திருந்தவர்போல் எழுந்தார். சபையில் விகடம் சொல்லும் குழைக்காதன் மேல் அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். பாதி நேரம் அந்தச் சிரிப்புக்கு இலக்கு அமைச்சர்தான்.

"மகாராஜா! அதிகம் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு வரியும் அதிகம் என்பது நம் சட்டம். கணவனும் மனைவியும் சம்பாதித்தால் இரண்டையும் கூட்டி ஒரே குடும்பமாகக் கட்டட்டும். தனித்தனியாகக் கட்டினால் வரி குறையும். ஆனால் தனி என்றால் தனிதான். கூரை வேறு, அடுப்பு வேறு. எது வேண்டும் என்று பௌர்ணமிக்குள் எல்லோரும் எழுதிக் கொடுக்க வேண்டும்."

"பேஷ்! விருப்பத்தை அவர்களிடமே விட்டுவிட்டீரே, எவ்வளவு பெருந்தன்மை!" என்று பூரித்தார் ராஜா.

குழைக்காதனுக்கு அன்று விகடம் வரவில்லை. அவன் மனைவி வடிவு போடும் வடுமாங்காய்க்கு அரண்மனை வரை கிராக்கி. அவன் நாக்கு சம்பாதித்ததைவிட அவள் கை சம்பாதித்தது அதிகம். சேர்த்துக் கட்டினால் அடுத்த பருவத்துக்கு மாவடு வாங்கக்கூடக் காசு மிஞ்சாது, தொழில் அதோடு சரி. தனியாகக் கட்டினால் அவள் ஜாடிகளோடு அண்ணன் ஊருக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டு நெசவாளியும் அவன் மனைவியும் அதற்குள்ளாகவே அழுதுகொண்டே பாத்திரம் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"உங்க நாக்கு ஊரையே சிரிக்க வைக்குது. நம்ம ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல வைக்க அதால முடியாதா?" என்றாள் வடிவு. அவள் கண் கலங்கியிருந்தது. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்த குழைக்காதன் இரவெல்லாம் கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தான்.

பௌர்ணமியன்று அவன் "தனித்தனி" என்று எழுதிக் கொடுத்தான்.

மறுநாள் வடிவு மூட்டை கட்டும் அழகைக் கண்குளிரப் பார்க்க அமைச்சரே நேரில் வந்தார். அவளோ வழக்கம்போல் அடுக்களையில் கடுகு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன அக்கிரமம்? இருவரும் ஒரே வீட்டிலா?"

"சற்று அண்ணாந்து பாருங்கள், அமைச்சரே" என்றான் குழைக்காதன்.

ஓலைக் கூரை நட்டநடுவே ஒரு முழ அகலத்துக்கு அறுக்கப்பட்டிருந்தது. இடைவெளியில் வானம் தெரிந்தது.

"இந்தப் பக்கம் என் கூரை, அந்தப் பக்கம் அம்மையாரின் கூரை. கூரை வேறாக இருக்க வேண்டும் என்றுதானே சட்டம்? எவ்வளவு தள்ளி என்று தாங்கள் சொல்லவில்லையே! அதோ, என் அடுப்பும் தனி."

முன்னறையில் மூன்று கல் வைத்த அடுப்பு ஒன்று இருந்தது. அதில் பூனை உறங்கிக்கொண்டிருந்தது.

அமைச்சரின் பார்வை அவன் முன்னே இருந்த இலைக்குத் தாவியது. "அப்படியா? அடுத்த குடும்பத்துச் சோறு உமது இலைக்கு எப்படி வந்தது? ஒரு குடும்பத்துச் சரக்கு இன்னொரு குடும்பத்துக்குப் போனால் சுங்கம் உண்டு. தெரியாதா?"

"நியாயம். நாளை மதியம் தாங்களே இங்கே சுங்கச்சாவடி போட்டு உட்கார வேண்டும்."

கவளத்துக்குக் கவளம் சுங்கம் கட்டினால் எத்தனை நாள் தாங்குவான் என்று அமைச்சருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் தராசோடு வந்து கூரைப் பிளவுக்கு நேர் கீழே உட்கார்ந்தார். தூறல் அவர் தலையில் விழுந்தது. அப்போதுதான் வாசலில் பல்லக்கு வந்து இறங்கியது. புது வடுமாங்காய் ருசி பார்க்க வரும்படி குழைக்காதன் ராஜாவை அழைத்திருந்தான்.

ராஜா முன்னறையில் இலைமுன் அமர்ந்தார். வடிவு சோற்றுப் பானையோடு வந்து எல்லையில் நின்றாள்.

"நிறுத்துப் போடுங்கய்யா."

"ராஜாவுக்குத்தானே, போகட்டும் விடம்மா" என்று கிசுகிசுத்தார் அமைச்சர்.

"ஐயையோ! மகாராஜா கண்ணெதிரிலேயே கடத்தலா?" என்று அலறினான் குழைக்காதன்.

சோறு தராசில் ஏறியது. பிறகு பருப்பு ஏறியது, நெய் ஏறியது. வடுமாங்காய் வாசனை எல்லைக்கு அப்பாலிருந்து வந்து ராஜாவின் நாக்கில் நீர் ஊற வைத்தது. சோறு ஆறிப்போனது.

"என்னய்யா கூத்து இது!" என்று இரைந்தார் ராஜா.

"மகாராஜா, அடியேன் வீட்டு அடுக்களை இப்போது அயல்நாடு. தங்கள் சட்டம்தான். அமைச்சர் கடமை தவறாதவர். அவரும் தனித்தனி என்றே எழுதிக் கொடுத்திருக்கிறாராம். ஒரே ஒரு சந்தேகம். இன்று காலை அவர் உண்ட இட்டலிக்கு எந்தச் சாவடியில் சுங்கம் கட்டினார்?"

அமைச்சர் வீட்டோடு மாப்பிள்ளை. வீடு, வாசல், மாடு, கன்று எல்லாம் மனைவியுடையவை என்பது ஊருக்கே தெரியும். அவர் கை தன்னையறியாமல் வயிற்றைத் தடவியது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "இனி அவரவர் சேர்த்தோ தனியாகவோ, எந்த வருஷம் எது குறைவோ அப்படிக் கட்டட்டும். கூரையை எட்டிப் பார்ப்பவன் தலை கூரைமேல் இருக்கும். அமைச்சரே, இந்தப் பிளவை உமது செலவில் வேய்ந்து கொடும். உமக்கு ஏது செலவு, உம் மனைவியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்!"

பிறகு ஒரு பொன்முடிப்பை எடுத்து நீட்டினார். குழைக்காதன் கை நீளுமுன் வடிவு அதை வாங்கிக்கொண்டு எல்லையைத் தாண்டி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"அடியே, அது எனக்குக் கொடுத்தது!" என்று அவன் பின்னால் ஓடினான்.

அவள் அடுக்களை வாசற்படியில் நின்று உள்ளங்கையை நீட்டினாள். "எல்லை தாண்டிப் போன சரக்குங்க. திரும்ப வேணும்னா சுங்கம் கட்டுங்க."

வாயில் போட்ட வடுமாங்காய் புரையேறும் வரை ராஜா சிரித்தார். இன்னொரு முடிப்பு அவிழ்ந்தது. அதுவும் அடுக்களைக்குத்தான் போனது.