கூட்டு பிடிக்காத ராஜா

'தடக்... தடக்... தடக்...'

முன்னொரு காலத்தில் ஆலம்பாடி நாட்டை எழினிராயன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தபோது, ஒரு காலை அரண்மனைப் பக்கமிருந்து இப்படியொரு சத்தம் வந்தது. வீட்டில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த மந்திரி விடங்கர் நிமிர்ந்தார்.

"விசிறி வந்துட்டது," என்றார் மனைவி கோமளத்திடம், தலைப்பிள்ளை வந்துவிட்டதைப் போல.

விசை முடுக்கிவிட்டால் தானே சுழலும் விசிறி யந்திரம் அது. அதைச் செய்த பட்டறையின் பங்குக்கு ஊரே அலைந்தது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் விடங்கரும், ஒழுங்காகப் பலன் தந்த எண்ணெய்ச் செக்குப் பங்கை விற்று, யாருக்கும் தெரியாமல் விசிறிப் பங்கு வாங்கியிருந்தார். பங்கு விலை ஏறிய நாளில் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். இறங்கிய நாளில் கோமளத்தின் சமையலில் உப்பில்லை என்றார்.

சபையில், மந்திரி நாற்காலி மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த கருவூலத் தலைவர் அரங்கமாலை பேசிக்கொண்டிருந்தார். "மகாராஜா, ஊழியர்களின் ஓய்வுக்காலப் பணம் உப்பளம், தறி, படகு, செக்கு என்று சிதறிக் கிடக்கிறது. கூட்டு நிதி என்று அதற்கொரு பெயர் வேறு. மொத்தத்தையும் விசிறியில் போட்டால் என்ன?"

"கூட்டா? இலையிலேயே எனக்குக் கூட்டு பிடிக்காது. எது எந்தக் காய் என்றே தெரியாது. போடும் விசிறியில்."

தன் பங்கு ஏறப்போகிறது என்று விடங்கருக்கு உள்ளே குளிர்ந்தது. அடுத்த தையில் ஓய்வு பெறவிருந்த வாசல் காவலர் பெரியண்ணனின் முகம் வெளிறியதைப் பார்த்ததும் குளிர் விட்டுப்போனது.

"மகாராஜா, நாளை நீங்களே கேட்டுக் கூட்டு சாப்பிட்டால்?" என்றார் விடங்கர்.

"நிதியைத் தொடமாட்டேன். சாப்பிடாவிட்டால் உம்முடைய நாற்காலி அரங்கமாலைக்கு."

"சரி. நாளை உங்களுக்குப் பிடித்த சேப்பங்கிழங்கு வறுவல் மட்டும்தான் சமைக்க வேண்டும். விசிறியும் சமையல்கட்டில் இருந்தால் அதன் பெருமை தெரியும்."

அரங்கமாலை முந்திக்கொண்டார். "அடுப்புக்கு நேராக நானே வைக்கிறேன்."

மறுநாள் மத்தியானம் ராஜா இலை முன் உட்கார்ந்தார். வந்தது புகை. அதன் பின்னால் கண்ணைத் துடைத்தபடி சமையற்காரர் வந்தார்.

"விசிறி வீச வீச அடுப்பு கொழுந்துவிட்டு எரிஞ்சது மகாராஜா. நிறுத்தினா நிக்கல. வறுவல் கரியாயிட்டது."

"வேறென்ன இருக்கிறது?"

"ஒண்ணுதானே சமைக்கச் சொன்னாங்க."

ராஜாவின் வயிறு பசியில் இரைந்தது சபைக்கே கேட்டது. காவலர்கள் சாப்பிடும் பின்கட்டிலிருந்து தேங்காயும் சீரகமும் மணத்தன.

"பெரியண்ணா, அங்கே என்ன?"

"கூட்டுங்க. பூசணி அழுகியிருந்தது, எறிஞ்சுட்டோம். அவரையும் வாழைத்தண்டும் பருப்பும் இருந்ததால ஒண்ணும் தெரியலைங்க."

"கொண்டு வா."

ராஜா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். "ஓய் விடங்கரே, விசிறி அவ்வளவு மோசமா?"

"நல்ல விசிறிதான் மகாராஜா. அதுவும் கூட்டில் ஒரு காயாக இருக்கட்டும். அது ஒன்றே சாப்பாடானால் கருகுகிற அன்றைக்குப் பட்டினி."

"இவ்வளவு தெரிந்தவர் உம்முடைய பணத்தை எதில் போட்டிருக்கிறீர்?"

விடங்கர் தன் பாதங்களைப் பார்த்தார். "விசிறியில்."

ராஜா சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். "நிதி கூட்டாகவே இருக்கட்டும். அரங்கமாலை, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கைவிசிறியால் வீசும்." தன் முத்துமாலையைக் கழற்றி விடங்கரின் கழுத்தில் போட்டார். "இதையும் விற்று விசிறி வாங்கிவிடாதீர்."

வீட்டில் கோமளம் மாலையைக் கழற்றித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"ராஜா எதுக்குங்க சிரிச்சாராம்?"

"செக்குப் பங்கை நான்..."

"மாசாமாசம் வர்ற எண்ணெய் நின்னப்பவே தெரியும்," என்று முறத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

விடங்கர் உட்கார்ந்து, ஒரு அவரைக்காயை எடுத்து நாரைக் கிள்ளினார்.