பூவரசுக்கு மஞ்சத் துணி கட்டினவன்

ஒரு ஊர்ல ஒரு யோசனைக்காரன் இருந்தான். பேரு மருதையன். இந்தச் சட்டையைப் போடலாமா, அந்தச் சட்டையைப் போடலாமான்னு யோசிச்சு யோசிச்சு, கடைசியில வெறும் ஒடம்போட தெருவுக்குப் போறவன். ம் கொட்டு. ஆங், அப்படித்தான்.

அவன் வீட்டுக் கொல்லையில ஒரு பூவரசு. அவன் அப்பா வச்சது. ஐப்பசிப் புயல்ல ஊஊஊன்னு காத்தடிச்சு, மரம் நடுவுல பொளந்துபோச்சு. ஒரு பாதி நேரா நிக்குது. இன்னொரு பாதி வீட்டு ஓட்டு மேல சாஞ்சு, காத்து வந்தா கிர்ர்ர், கிர்ர்ர்ங்குது. அந்த ஓட்டுக்குக் கீழ என்ன? தொட்டில். மக பவுனு தாய்வீட்டுக்கு வந்து பெத்த பச்சைப்புள்ள அதுல தூங்குது.

தொட்டிலை வேற எடத்துல கட்டலாமேங்கிறியா? நல்லா கேட்ட. வீட்டுல இருந்ததே அந்த ஒரு கூடம்தான்.

பொண்டாட்டி குஞ்சம்மா சொன்னா, "ஏங்க, வெட்டிடலாங்க."

"வெட்டலாம். ஆனா அப்பா வச்ச மரமாச்சே?"

"அப்போ காப்பாத்துங்க."

"காப்பாத்தலாம். ஆனா பொழைக்குமா?"

அப்புறம் சாணியும் செம்மண்ணும் கொழச்சு, பொளந்த எடத்துல அப்பி, சாக்கைச் சுத்தினான். மழை வந்து சளசளன்னு கரைச்சிட்டுப் போயிடுச்சு. அப்புறம் தேர்வடம் மாதிரி ஒரு கயிறு வாங்கிட்டு வந்து இறுக்கிக் கட்டினான். படீர்! அறுந்துபோச்சு. ஒரு ஓடு ஒடைஞ்சு தொட்டில் பக்கத்துல விழுந்துச்சு. புள்ள வீல்னு கத்துச்சு.

"நாளைக்குக் காலையில மரம் வெட்டுற சன்னாசி வர்றான். சொல்லிவிட்டாச்சு"ன்னுட்டா குஞ்சம்மா.

மருதையன் கூடத்துக்கும் கொல்லைக்குமா நடந்தான். வெட்டினா அப்பாவையே வெட்டுன மாதிரி. வெட்டாம விட்டா பேரப்புள்ள மேல விழுந்துடும். ரெண்டையும் வச்சு எடை பாக்குறானாம், வெக்கங்கெட்டவன்! இன்னும் ஒரே ஒரு நாள் யோசிக்கக் கெடைச்சா போதும்னு தோணுச்சு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, மரத்துக்கு மஞ்சத் துணியைச் சுத்தி, குங்குமத்தை அப்பிட்டு, ஒண்ணுந்தெரியாதவன் மாதிரி வந்து படுத்துக்கிட்டான்.

தூங்கிட்டியா? ம் சொல்லு.

விடிஞ்சதும் சன்னாசி வந்தான். மஞ்சத் துணியைப் பாத்தான். கோடாலியைக் கீழ போட்டுட்டு கன்னத்துல போட்டுக்கிட்டான். "ஆத்தா குடியிருக்கிற மரம்மா, நான் தொடமாட்டேன்!" அவன் போயி ஊருக்குச் சொன்னான். மத்தியானத்துக்குள்ள கொல்லை நெறைஞ்சுபோச்சு. டிங்டிங்டிங்னு மணி. ஒருத்தன் தேங்காயை மரத்து மேலயே உடைக்கிறான், டணார்! ஒவ்வொரு டணாருக்கும் மரம் ஒரு கிர்ர்ர். உள்ள தொட்டில் ஆடுது.

மருதையன் ஓரமா நின்னான். இது பொய்னு சொல்லிடலாமா? சொன்னா ஊரு அடிக்குமே? சொல்லாட்டி? அதையும் யோசிக்க ஆரம்பிச்சிட்டான், பாவி.

அப்போ, "ஏஏஏய்!"னு ஒரு கூச்சல். கூந்தலை அவுத்துப் போட்டுக்கிட்டு, கையில வேப்பிலையோட குஞ்சம்மா திங்கு திங்குன்னு ஆடிக்கிட்டு வர்றா!

ஊரே கும்பிட்டுச்சு. "ஆத்தா வந்திருக்கியா தாயே?"

"ஆமாண்டா! இடுப்பொடிஞ்சு நிக்கிறேன், என் மேலயே தேங்கா ஒடைக்கிறீங்களேடா! அறிவு இருக்காடா?"

"என்ன செய்யணும் தாயே?"

"என்னை வெட்டி எறக்குங்கடா! மெதுவா, வீட்டு மேல விழாம!"

ஆட்டத்துலயும் அவ ஒத்தக்கண்ணு தன்னையே பாக்குறதை மருதையன் கவனிச்சான். இது ஆத்தா இல்ல, பொண்டாட்டிதான்னு புரிஞ்சுபோச்சு. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? கிட்டப் போயி கையைக் கட்டிக்கிட்டு, "தாயே... முழுசா வெட்டவா, பாதி மட்டும் வெட்டவா?"ன்னான்.

சுளீர்! சுளீர்! சுளீர்! வேப்பிலை மூஞ்சியிலயே எறங்குச்சு. "டேய் மருதையா! வாயை மூடுறா!"

கல்யாணமான நாள்லேருந்து "ஏங்க"ன்னு மட்டுமே கூப்பிட்டவ! ஊரு சிரிச்சுச்சு. பவுனும் வாசப்படியில நின்னு சிரிச்சா.

அப்புறம் சன்னாசி கயிறு போட்டு, மடமடமட... தொப்! மரத்தைக் கொல்லைப் பக்கமா சாச்சான். பொளந்த எடத்துக்குள்ள பாத்தா வெறும் கரையான். பொலபொலன்னு மண்ணாக் கொட்டுது. குஞ்சம்மா கூந்தலை அள்ளி முடிஞ்சுக்கிட்டு, "பாத்தீங்களா? இதைத்தாங்க இத்தனை நாளா யோசிச்சீங்க"ன்னா. மருதையன் குனிஞ்சு கட்டையை அடுக்கப் போயிட்டான். ரொம்ப நல்லது.

அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு, தரையோட நின்ன அடிக்கட்டையில பச்சையா ஒரு துளிர். மருதையன் அதுக்கு முன்னாடி குந்திக்கிட்டான். ஆசையா ஒரு வெரலால தொட்டுப் பாத்தான். அப்புறம் கேக்குறான், "குஞ்சம்மா... இதை விடலாமா, கிள்ளலாமா?"

உள்ளேருந்து அவ சொன்னா, "ஏங்க, வேப்பிலை இன்னும் காயலைங்க."

அவன் அங்கயேதான் குந்தியிருக்கான். துளிரு அவன் தலைக்கு மேல வளந்துபோச்சு, அவன் இன்னும் முடிவு பண்ணல. நீ அவனை மாதிரி யோசிச்சுக்கிட்டுக் கெடக்காத. கதை அவ்வளவுதான். கண்ணை மூடு.